நெஞ்செரிச்சல் இருந்தால் நாக்கு செத்துப்போகத்தான் வேண்டுமா?

4 மார்ச், காலை. கேள்வி: பெரம்பூர் வாசகி

எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு, அமிலம் மேலே ஏறுகிறது என்று ஒரு காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். புளி, தக்காளி, மிளகாய், காபி, எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், புதினா, பச்சை வெங்காயம் எதுவும் கூடாது. மாசக்கணக்கில் இட்லி, தயிர்சாதம், வேகவைத்த கேரட் மட்டும்தான். எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் நாக்கு செத்துப்போச்சு. சாப்பாட்டு நேரம் வந்தாலே அழுகையாக வருகிறது. நம் ஊர்ச் சாப்பாட்டில் புளியையும் மிளகாயையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இந்த நோயை வைத்துக்கொண்டு யாராவது ருசியாகச் சாப்பிடுகிறீர்களா?

4 மார்ச், இரவு

நான் சாப்பிடுகிறேன். ராயபுரம், வீட்டில் சமையல் என் பொறுப்பு, இந்த எரிச்சல் எனக்கு வருஷக்கணக்கில் இருக்கிறது. மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அம்மா. நிறைய இருக்கிறது.

மிளகாயும் தக்காளியும் போர்ச்சுகீசியர் காலத்துக்கு அப்புறம் நம் அடுப்படிக்கு வந்தவை. அதற்கு முன்னால் மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம் வைத்துத்தான் சமைத்தார்கள். அந்தச் சமையல் அழிந்துவிடவில்லை. எங்கள் மாடி வீட்டு மாமி திவசத்துக்குச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, அவர்கள் வீட்டில் அன்றைக்குப் புளியும் கிடையாது. இருந்தும் இலையில் புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய்க் கறி, மிளகு போட்ட பாசிப்பருப்புக் குழம்பு என்று இடம் போதாமல் இருக்கும். வடையையும் அதிரசத்தையும் தள்ளி வைத்துவிட்டால், உங்கள் காகிதத்தில் இருக்கும் எல்லா விதிக்கும் அந்த இலை சரியாக வரும். "மாமி, இதை நான் தினமும் சமைக்கலாமா?" என்று கேட்டேன். "குழம்பு, கூட்டெல்லாம் தாராளமா பண்ணு, அதே மாதிரி மொத்தமா இலை மட்டும் போடாதே" என்றார்.

இன்னொரு பக்கம், பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் அம்மா வைக்கும் பத்தியச் சாப்பாடு. பால்சுறாப் புட்டு, கிழங்கான் மீன், பூண்டை வேகவைத்து மிளகு தட்டிப் போட்ட சாறு. அதுவும் மிளகாய் இல்லாத சமையல்தான்.

காகிதத்தில் இருப்பது 'கூடாது' பட்டியல் மட்டும். 'ஆகும்' பட்டியலை வீட்டில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

5 மார்ச்

பொரித்த குழம்பிலிருந்து தொடங்குங்கள். பெயரில்தான் பொரித்தல், எண்ணெயில் பொரிக்கும் வேலை எதுவும் இல்லை. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். புடலங்காயோ அவரைக்காயோ சௌசௌவோ மஞ்சள் போட்டுத் தனியாக வேகட்டும். உளுத்தம்பருப்பு ஒரு ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், வெறும் வாணலியில் சிவக்க வறுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காயோடு அரைத்துப் பருப்பில் கலந்து ஒரு கொதி. ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். உளுந்து வறுபடும் வாசனைதான் இந்தக் குழம்பின் உயிர். புளிப்பு போன இடத்தை வாசனையால் நிரப்ப வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பீர்க்கங்காய்த் தோல் துவையல், கொத்தமல்லித் துவையல், இஞ்சியும் பொட்டுக்கடலையும் சேர்த்த தேங்காய்ச் சட்னி, இவற்றிலும் புளியைத் தவிர்த்துவிட்டு வறுத்த உளுந்தைக் கூட்டிப் பாருங்கள். புதினாவை மட்டும் சேர்க்காதீர்கள். மிளகுப் புதினாவுக்கு உணவுக்குழாயின் அடித் தசையைத் தளர்த்தும் குணம் உண்டு. நம் வீட்டுப் புதினா வேறு வகைதான், ஆனாலும் எரிச்சல் அடங்கும்வரை எதற்கு வம்பு.

5 மார்ச், சற்றுப் பின்

மிளகும் காரம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரம்தான். ஆனால் மிளகாயின் காப்சைசின், புண்ணாகியிருக்கும் உணவுக்குழாயில் எரிச்சலை உணரும் நரம்புகளை நேராகத் தூண்டிவிடுகிறது. மிளகில் இருப்பது பைப்பரின். அதுவும் அதே நரம்புகளைத்தான் தொடுகிறது, காரம் கம்மி, அவ்வளவுதான். அதனால் அரை ஸ்பூன் என்றால் அரை ஸ்பூன். எரிச்சல் கொழுந்துவிட்டு எரியும் வாரத்தில் மிளகும் வேண்டாம், சீரகம் போதும்.

8 மார்ச்

சமையல் குறிப்புக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பது பெரிது.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பை வாய் மாதிரி, சாப்பாடு இறங்கியதும் இறுகிக்கொள்ள வேண்டும். பை முட்ட நிரம்பினால் அது அடிக்கடி தளர்கிறது. கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் கிளம்பும், அதனால் பையும் ரொம்ப நேரம் நிரம்பியே இருக்கும். அந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலே வரப் பெரிய தடை எதுவும் இல்லை. புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு கூடும். இரைப்பை அமிலத்தின் பி.எச். சுமார் 1.5 முதல் 3.5 வரை. தயிர் ஏறக்குறைய 4.5, தக்காளி 4-க்கு மேல். நாம் சாப்பிடும் புளிப்பைவிட உள்ளே ஊறும் புளிப்பு பல மடங்கு கடுமை. அதைக் கீழேயே வைத்திருப்பதுதான் முதல் வேலை.

அதனால், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 2 முதல் 3 மணி நேரம் இடைவெளி. மருத்துவர்கள் எல்லாரும் சொல்வதுதான், நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏழரைக்குள் சாப்பிட்ட நாளில், தக்காளி போட்ட சாம்பார்கூட என்னை ஒன்றும் செய்யவில்லை. பத்தரைக்குச் சாப்பிட்ட நாளில் வெறும் இட்லியே நெஞ்சுக்கு ஏறியது. பெரம்பூர் அம்மா, நீங்கள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?

9 மார்ச்

பத்து மணிக்காம். சீரியல் முடிந்து, வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்த பிறகு அவரோடு சேர்ந்துதான் சாப்பிடுவாராம். அம்மா, அந்த ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஏழரைக்கு நீங்கள் சாப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

13 மார்ச்

ரம்ஜான் மாதம். பக்கத்துத் தெரு பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வருகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பால், குழைந்த பதம். இதுபோல மென்மையான சாப்பாடு சென்னையில் வேறு உண்டா என்று தோன்றியது. புதினாவையும் பச்சை மிளகாயையும் குறைத்து வீட்டில் வைத்துப் பார்த்தேன், அருமை. கறி போட்டு வைப்பவர்கள் கொழுப்பில்லாத கறியாகப் பாருங்கள். கூட வரும் சமோசாவையும் வடையையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

20 மார்ச்

காபி. இதைக் கேட்டு வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். காபி அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது, அமிலச் சுரப்பையும் தூண்டுகிறது. அதே சமயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அது எரிவதில்லை. மெட்ராஸ்காரனிடம் ஃபில்டர் காபியை விடு என்றால் அவன் மருத்துவரை மாற்றிவிடுவான். நான் கடைப்பிடிப்பது இது. எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி இல்லை. இட்லி சாப்பிட்ட பிறகு, டிகாக்‌ஷன் பாதியாகக் குறைத்து, ஒரே ஒரு டம்ளர். சாயங்காலம் அந்த நேரத்துக்குச் சுக்கு, மல்லி விதை, கொஞ்சம் பனைவெல்லம் போட்ட சுக்குமல்லிக் காபி. சாயங்காலக் காபியை விட்டது சுலபமாக இல்லை. ஒன்றரை வாரம் தலைவலி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

குளிர்ந்த பால் குடித்தால் அடங்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்ச நேரத்தில் அமிலச் சுரப்பைக் கூட்டிவிடும். ராத்திரி படுக்கும் முன் பால் என்ற பழக்கத்தை விட்டதில் எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

கோலி சோடா, பன்னீர் சோடா: ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்த ஏப்பத்துக்குத்தான் சுருக்கு திறந்துகொள்கிறது, காற்றோடு அமிலமும் வருகிறது. வேண்டாம்.

21 மார்ச்

மோர் தாராளமாகக் குடிக்கலாம். புளிக்காத மோர்.

2 ஏப்ரல்

சோழிங்கநல்லூரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்கிறார். ஷிப்ட் முடிந்து கேப் பிடித்து வீடு சேரவே பதினொன்றரை ஆகிவிடுகிறதாம். அதற்கு மேல் பரோட்டாவோ ஃபிரைட் ரைஸோ வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். விடியற்காலை தொண்டையில் புளித்த நீர், பகலெல்லாம் கனைப்பு.

தம்பி, பெரிய சாப்பாட்டை ஏழு மணி இடைவேளைக்கு மாற்றுங்கள். கேண்டீனில் சப்பாத்தியும் பருப்பும் இருக்கும், தயிர்சாதம் இருக்கும். வீடு திரும்பியதும் பசித்தால் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, இல்லையென்றால் ஒரு வாழைப்பழம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். இரண்டு தலையணை அடுக்குவதால் பயனில்லை. அது கழுத்தை மடித்து இடுப்பை வளைத்து வயிற்றைத்தான் அழுத்தும். பாயில் படுப்பவர்கள் முதுகிலிருந்தே சரிவாக வரும்படி மெத்தையை மடித்துப் போடலாம். இடது பக்கமாகப் படுங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பை கீழேயும் உணவுக்குழாய் சேரும் வாய் மேலேயும் இருக்கும். ஓரிரு வாரத்தில் கனைப்பு குறைகிறதா என்று எழுதுங்கள். குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், தொண்டைக்கு வேறு காரணம்கூட இருக்கலாம்.

3 ஏப்ரல்

மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், ரபெபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் முழுப் பலன் கிடைக்காது. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து பயமுறுத்தும். மூட்டு வலிக்குப் போடும் வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எரிச்சலைக் கூட்டக்கூடும், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

விழுங்க முடியாமல் அடைக்கிறது, எடை குறைகிறது, வாந்தியில் ரத்தம், மலம் கறுப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். 'கேஸ்' என்று நினைத்துக்கொண்டு சோடா குடித்து உட்கார்ந்திருந்த ஒருவரை எங்கள் தெருவில் இழந்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

18 ஏப்ரல்

மீன் சாப்பிடுபவர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் இப்போது கட்டுமரமும் ஃபைபர் படகும் கொண்டுவருவதுதான், விலையும் அதற்கேற்ப. கிடைக்கும்போது இப்படிச் செய்யுங்கள்.

கிழங்கானைச் சுத்தம் செய்து உப்பு, மஞ்சள், இஞ்சி, தட்டிய சீரகம் தடவி வாழையிலையில் மடித்து இட்லிப் பானையில் வேகவையுங்கள். இலை வாசனை மீனில் ஏறிவிடும், குழம்பே தேவைப்படாது. பால்சுறாவை வேகவைத்துத் தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, நிறைய கறிவேப்பிலை, இஞ்சி, நன்றாக வதக்கிய சின்ன வெங்காயம் கொஞ்சம், மிளகு ஒரு சிட்டிகை. புட்டு உதிரியாக வரும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். எண்ணெய் இரண்டு ஸ்பூன் தாண்டக் கூடாது. மத்தியும் கானாங்கத்தையும் உடம்புக்கு நல்ல மீன்கள்தான், ஆனால் கொழுப்பு கூடுதல். அவற்றை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் பூசி வறுத்த வஞ்சிரத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம்.

19 ஏப்ரல்

ஒரு சேர்ப்பு. பொரித்த குழம்பு, கூட்டு, மோர்க்குழம்பு எல்லாவற்றிலும் தேங்காய் வருகிறது. எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் சிலர் அரை மூடி தேங்காய் அரைத்து ஊற்றுகிறார்கள். தேங்காயும் கொழுப்புதான். இரண்டு பேருக்கு இரண்டு ஸ்பூன் போதும், கெட்டியாக வேண்டுமென்றால் பொட்டுக்கடலையோ ஊறவைத்த பச்சரிசியோ சேர்த்து அரையுங்கள். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

வெண்பொங்கலும் அப்படி. மிளகு சீரகம், குழைந்த சாதம், பார்க்கப் பத்தியம் மாதிரி இருக்கும். ஓட்டலில் அதில் மிதக்கும் நெய் ராத்திரிவரை நெஞ்சிலேயே நிற்கும். வீட்டில் ஒரு ஸ்பூன் நெய்யில் செய்தால் நல்ல காலை உணவு. காஞ்சிபுரம் இட்லிக்கும் அதே பேச்சு. மிளகு, சீரகம், சுக்கு போட்டு மந்தாரை இலையில் வேகும் அந்த இட்லியின் மணத்துக்கு ஈடு கிடையாது, நல்லெண்ணெயையும் நெய்யையும் குறைத்துச் செய்தால் சட்னியே வேண்டாம்.

6 மே

வெயில். தெருமுனையில் நுங்கு வந்துவிட்டது. இளநீர், நுங்கு, தர்பூசணி, கிர்ணிப் பழம், வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் நமக்கு ஆகும். வெள்ளரிப் பிஞ்சின் மேல் மிளகாய்த்தூள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அம்மா பேச்சுவாக்கில் தூவிவிடுவார். பழுத்த பங்கனபள்ளி எனக்கு ஒத்துக்கொள்கிறது, மாங்காய் ஒத்துக்கொள்ளவில்லை. பப்பாளியும் சப்போட்டாவும் வருஷம் முழுக்க. அன்னாசியும் சாத்துக்குடியும் தள்ளி வையுங்கள்.

11 மே

எனக்கு ஒத்துக்கொள்வது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சத்தியம் செய்ய முடியாது. மணலியிலிருந்து ஒருவர் எழுதினார், அவருக்குப் பழுத்த பங்கனபள்ளியே எரிகிறது, தக்காளி ஒன்றும் செய்யவில்லை. அதனால் நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எரிந்ததா, எத்தனை மணிக்கு எரிந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது எதிரி என்று தெரியாது. எரிச்சல் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதுவும் மதிய வேளையில், கொஞ்சமாக. முதலில் ரசம். புளியைக் கால் பங்காகக் குறைத்து, பருப்புத் தண்ணீரைக் கூட்டி, தக்காளி இல்லாமல். அது நின்றால் அடுத்த வாரம் சாம்பார். 'வாழ்நாள் முழுக்கக் கூடாது' என்று ஒருவர் சொன்னதாலேயே ரசத்தை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

28 மே

கல்யாண சீசன். முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் போங்கள், ரிசப்ஷன் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். காலையில் இலையில் பருப்பு, அவியல், கூட்டு, மோர் என்று நமக்கானவை இருக்கும், சாப்பிட்டபின் நடக்கவும் பொழுது இருக்கும். ரிசப்ஷனில் மேடைக்கு வரிசையில் நின்று பந்திக்குப் போகும்போது மணி ஒன்பதரை. வீட்டிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். "சாப்பிடாமல் போகக் கூடாது" என்று கையைப் பிடிப்பார்கள். வெற்றுச் சாதத்தில் மோர் ஊற்றி இரண்டு கவளம். அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் தூக்கம்.

30 மே

பெரம்பூர் அம்மா எழுதியிருக்கிறார். ஏழரைக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். இப்போது வீட்டுக்காரரும் வேலை இடத்திலேயே ஏழு மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாராம். பொரித்த குழம்பு அலுத்துவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கிறார். அலுத்துவிட்டது என்று கேட்டதே எனக்குச் சந்தோஷம். நாக்கு பிழைத்துக்கொண்டுவிட்டது.

மணத்தக்காளிக் கீரைக் கூட்டு. வெண்பூசணி மோர்க்கூட்டு. சுரைக்காயும் பாசிப்பருப்பும் சேர்த்த அடை, தோசைக்கல்லில் எண்ணெய் தொட்டுத் தடவி. வாழைத்தண்டுச் சாறு. முருங்கைக்கீரையை உதிர்த்துச் சீரகம் தட்டிப் போட்டு இறக்கிய தண்ணிச்சாறு, ரசம் இல்லாத குறையை எனக்குத் தீர்த்தது அதுதான். பாலக்காட்டுப் பக்கத்து மொளகூட்டலும் புளி இல்லாதது, மிளகாயைச் சீரகமாக மாற்றிக்கொள்ளலாம். நாட்டுக் காய்க்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள், வீட்டுப் பக்கத்துக் கடையில் பார்க்காத காய் நாலாவது கண்ணில் படும்.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில் கூழ் குடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். குடியுங்கள். கேழ்வரகுக் கூழ் கெட்டியாக இல்லாமல், அன்றைக்குக் காய்ச்சியதாக, புளிக்காத மோர் ஊற்றிக் கரைத்து. நாள்பட்டுப் புளித்த கூழ் எனக்கு எரிந்தது. பச்சை வெங்காயம், மோர் மிளகாய், கருவாட்டுக் குழம்பு மூன்றையும் விட்டுவிட்டு, கடித்துக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள். ஒரு சொம்பு போதும், இரண்டாவது சொம்பு நீட்டினால் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.